வேளாண்மைக் கல்லூரிகளில் விடை எழுதும் யந்திரம்

நம் கிராமங்களுக்கு வரும் விவசாய உத்தியோகஸ்தர் எவ்விதம் படித்துத் தேறி வருகிறார் என்பது, கல்லூரி ஆசிரியர்கள் மட்டும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயமன்று. அவர் கூறும் யோசனையை நம்பி விதையும் உரமும் மருந்தும் வாங்கி, பணத்தை நிலத்தில் போடுகிறவர் குடியானவர். யோசனை பிசகினால் நஷ்டத்தை ஏற்பவரும் அவரே. ஆகையால், வேளாண்மைக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் பெரியதொரு மாறுதல் ஏற்படும்போது, நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் அதனைக் கவனித்துத் தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிப்பது அவசியமாகும். அத்தகைய மாறுதல் ஒன்று இப்பொழுது நேர்ந்துகொண்டிருக்கிறது.

2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதியன்று, அமெரிக்காவிலுள்ள ஓபன்ஏஐ என்னும் நிறுவனம் சாட்ஜிபிடி என்ற சாதனத்தைப் பொதுஜனங்களின் உபயோகத்துக்கு வெளியிட்டது. கேட்ட கேள்விக்கு மனிதர் எழுதுவது போலவே விடை எழுதித் தருவது இதன் தொழில். பின்னர் இதே இனத்தைச் சேர்ந்த பல சாதனங்கள் வெளிவந்தன. இவற்றிற்கு ஆக்கச் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வழங்குகிறது. கட்டுரை, கணக்கு, மொழிபெயர்ப்பு, கடிதம் ஆகிய யாவற்றையும் இது நொடிப்பொழுதில் எழுதிவிடும். கல்லூரி மாணாக்கர் கையிலுள்ள தொலைபேசியிலேயே இது அடங்கியிருப்பதால், வீட்டில் எழுதிவரும்படி ஆசிரியர் இடும் கட்டுரையை மாணாக்கர் எழுதினாரா, யந்திரம் எழுதிற்றா என்று பிரித்தறிவது மிகவும் கடினமாகிவிட்டது.

இதனைக் கல்லூரிப் படிப்பில் சேர்க்கலாமா, விலக்கலாமா என்பதே கேள்வி. எமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேளாண்மைக் கல்லூரிகள் இந்த யந்திரத்தைப் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆனால், யந்திரம் தந்த விடையை வயலில் இறங்கிச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த மாணாக்கருக்கே பரீட்சையில் தேர்ச்சி அளிக்கவேண்டும். இந்த நிபந்தனையின்றி யந்திரத்தைப் புகுத்துவது, சோதனை செய்யாத விதையை ஊர் முழுவதும் விநியோகிப்பதற்குச் சமானமாகும்.

யந்திரம் விடை எழுதும் விதம்

இந்த யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை நம்மவர் ஒருவாறு தெரிந்துகொள்வது நலம். கோடிக்கணக்கான பக்கங்கள் கொண்ட எழுத்துக்களை முன்னதாகவே இதற்குள் செலுத்தி, ஒரு சொல்லுக்குப் பின் எச்சொல் வருவது பொருந்தும் என்பதைக் கணக்கின் மூலமாகப் பழக்கியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவுடன், அப்பழக்கத்தைக் கொண்டு சொல்லுக்குச் சொல் தொடுத்து விடையை அமைக்கிறது. ஆகவே அதன் நடை எப்பொழுதும் சரளமாகவே இருக்கும். விஷயம் சரியாயிருக்கும்போதும், தவறாயிருக்கும்போதும், நடையில் வித்தியாசம் தென்படாது. சந்தேகமுள்ள மனிதர் தயங்கிப் பேசுவார். அத்தயக்கத்தைக் கண்டு நாமும் ஜாக்கிரதையாவோம். யந்திரமோ பல சமயங்களில் தயக்கமின்றியே தவறு சொல்லும். இல்லாத நூலை உள்ளதாகப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டியதும் உண்டு.

மேலும், இதற்குப் புகட்டப்பட்ட எழுத்துக்களில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் மிகவும் சொற்பம். தமிழில் எழுதப்பட்டவற்றிலும், தஞ்சாவூர்த் தாளடிக்கும் இராமநாதபுரம் மானாவாரிக்கும் உள்ள வேற்றுமையை விவரமாகக் கூறும் எழுத்து மிகச் சிறிது. நம் குடியானவர்களின் அனுபவம் பெரும்பாலும் வாய்மொழியாகவே இருந்து வருகிறது. எழுதப்படாத அனுபவம் யந்திரத்துக்குப் புகட்டப்பட்டதன்று.

பிற தேசத்துக் கல்லூரிகள்

இவ்விஷயத்தில் பல தேசத்துக் கல்லூரிகளும் முதலில் தடுமாறின. 2023-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பாரிஸ் நகரத்திலுள்ள சியான்ஸ் போ என்னும் கல்வி ஸ்தாபனம், ஆசிரியரின் அனுமதியின்றி மாணாக்கர் இதனைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம், கல்வியிலும் ஆராய்ச்சியிலும் இதனைக் கையாள வேண்டிய முறையைப் பற்றி ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகம் பரீட்சைகளை இரு வகையாகப் பிரித்தது. ஒரு வகை, ஆசிரியரின் நேர்ப்பார்வையில் நடப்பது. மற்றொரு வகையில் மாணாக்கர் யந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவில் விவசாயக் கல்விக்காக நிலமானியம் பெற்றுத் தோன்றிய கல்லூரிகள் பல உண்டு. 1862-ஆம் ஆண்டின் மாரில் சட்டத்தின் பயனாக அவை ஏற்பட்டன. அவ்வகையில் 1870-இல் ஸ்தாபிதமான ஒஹாயோ கல்லூரி, இன்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. 2025-ஆம் ஆண்டில் சேர்ந்த மாணாக்கர் முதற்கொண்டு, எந்தத் துறையில் படிப்பவராயினும், தம் துறையில் செயற்கை நுண்ணறிவைக் கையாளும் பயிற்சி பெற்றே வெளியேற வேண்டுமென்று அது அறிவித்திருக்கிறது. அதே இனத்தைச் சேர்ந்த புளோரிடா பல்கலைக்கழகமும் 2020-ஆம் ஆண்டு முதலே செயற்கை நுண்ணறிவைப் பல துறைப் பாடங்களிலும் புகுத்தி வருகிறது.

நம் தேசத்திலும் இது கல்லூரி வாசலில் நிற்கவில்லை, கிராமத்துக்குள்ளேயே வந்துவிட்டது. பி.எம். கிசான் உதவித் தொகையைப் பற்றிய கேள்விகளுக்கு விடை கூற, மத்திய சர்க்கார் கிசான் இ-மித்ரா என்னும் உரையாடும் சாதனத்தை 2023-இல் ஏற்படுத்தியது. குடியானவரின் மகனே தொலைபேசியில் பேசி விடை பெறும் காலத்தில், விவசாயப் பட்டதாரிக்கு மட்டும் அதன் பெயரே தெரியக்கூடாது என்று கல்லூரி கதவை அடைப்பது பயன்தராது. தடை உத்தரவு காகிதத்தில் இருக்கும். யந்திரம் மாணாக்கர் அறையில் இருக்கும்.

யந்திரத்தால் அடையும் அனுகூலம்

இதன் அனுகூலங்களை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கிராமப் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பலர், அங்கே மண்ணியல், பயிர்நோயியல், பூச்சியியல் முதலிய சாஸ்திரங்களை ஆங்கிலப் புத்தகத்தில் படித்துத் தத்தளிக்கிறார்கள். வகுப்பில் எழுந்து கேட்கக் கூச்சம். அத்தகைய மாணாக்கர் ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை வெவ்வேறு விதமாகக் கேட்டாலும், யந்திரம் சலிப்பின்றி விளக்கும். நீண்ட ஆங்கில ஆராய்ச்சிக் கட்டுரையைச் சுருக்கித் தமிழில் சொல்லும். பரீட்சைக்கு முன் கேள்விகள் கேட்டுப் பழக்கும். துண்டுப் பிரசுரத்தின் முதல் நகலை எழுதித் தரும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தனி ஆசிரியர் வைத்துப் பெறும் உதவியில் ஒரு பங்கு ஏழைக் குடியானவரின் பிள்ளைக்கும் இதனால் கிடைக்கக்கூடும். அதனைப் பெரிய நன்மையென்றே கருதுகிறோம்.

வயலில் நேரும் பிசகு

ஆனால், விவசாயக் கல்விக்கும் ஏனைய கல்விக்கும் ஒரு பேதம் உண்டு. இலக்கியக் கட்டுரையில் நேரும் தவறு காகிதத்தோடு போகும். விவசாய யோசனையில் நேரும் தவறு ஒரு போகத்தைக் கொண்டுபோகும். இதற்கு மூன்று உதாரணங்கள் கூறுவோம்.

முதலாவது: நடவு செய்த நெற்பயிர் மஞ்சளாகிறது, என்ன செய்யலாம் என்று யந்திரத்தைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். தழைச்சத்துக் குறைவு, யூரியா இடுக என்று அது எழுதக்கூடும்; அது பல வயல்களுக்குப் பொருந்தும். ஆனால் மஞ்சள் நிறம் ஒன்றே, காரணம் பல. தழைச்சத்துக் குறைந்தால் கீழேயுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் மேலேயுள்ள இளம் இலைகள் வெளுக்கும். துத்தநாகம் குறைந்தால், நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கீழ் இலைகளில் துருப்பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் தோன்றும்; அதற்கு வேண்டியது துத்தநாக சல்பேட். துங்ரோ என்னும் நச்சுயிரி நோயாயின், இலை நுனியிலிருந்து மஞ்சளும் ஆரஞ்சு நிறமும் இறங்கிப் பயிர் குட்டையாகும். அதனைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. அவ்வயலில் யூரியாவைக் கொட்டினால் நோய் தீராது. பணம் மட்டும் தீரும். நீர் வடியாமல் வேர் அழுகினாலும் பயிர் மஞ்சளாகத்தான் நிற்கும். எந்த இலை முதலில் வெளுத்தது என்று குனிந்து பார்ப்பவருக்கும், பயிரைப் பிடுங்கி வேரின் நிறத்தைக் காண்பவருக்கும்தான் உண்மை புலப்படும். படம் பிடித்து அனுப்பினால் யந்திரம் படத்தையும் பார்க்கிறது என்பது மெய்யே. ஆயினும் வேரைப் பிடுங்கிப் பார்க்க அதற்குக் கையில்லை.

இரண்டாவது: அளவைக் கணக்கு. ஆராய்ச்சி நூல்கள் யாவும் ஹெக்டேர் கணக்கில் பேசும். நம் குடியானவர் ஏக்கர், சென்ட், மா, குழி என்று பேசுவார். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். ஒரு நெல் இரகத்துக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து வேண்டுமெனில், யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து உள்ளபடியால், அது 326 கிலோ யூரியாவாகும். ஏக்கருக்கு 132 கிலோ. அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவையும் ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடவேண்டும். ஹெக்டேர் என்பதை ஏக்கர் என்று யந்திரம் எழுதிவிட்டாலோ, மாணாக்கர் கவனியாது நகல் எடுத்துவிட்டாலோ, ஓர் ஏக்கரில் ஏழு மூட்டைக்கு மேல் விழும். பயிர் கருகருவென்று செழித்து, இலைச்சுருட்டுப் புழுவையும் குலைநோயையும் வரவேற்று, கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும். மேலும், குழி என்பதன் அளவு ஊருக்கு ஊர் வேறுபடுவதை நாம் அறிவோம்.

மூன்றாவது: பழைய நூல்களின் சொல். எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்து நெடுங்காலம் நம் நாட்டில் பல பயிர்களுக்குச் சிபாரிசு செய்யப்பட்டு வந்தது. 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆயினும் அதற்கு முன்னர் அச்சான எழுத்துக்கள் அனைத்தும் அழிந்துவிடவில்லை. பழையதையும் புதியதையும் கலந்து பயின்ற யந்திரம், நேற்றைய சிபாரிசை இன்றைய சிபாரிசாகக் கூறிவிடக்கூடும். சிபாரிசின் தேதியையும், மருந்து இன்று அனுமதிக்கப்பட்டதா என்பதையும் பார்ப்பது மாணாக்கரின் கடமையாக இருக்கவேண்டும்.

பாடத்திட்டத்தில் செய்யவேண்டியவை

ஆகவே, கல்லூரி அதிகாரிகளின் ஆலோசனைக்குச் சில யோசனைகளைச் சமர்ப்பிக்கிறோம்.

முதல் ஆண்டில், மண்ணையும் பயிரையும் பூச்சியையும் கண்ணாலும் கையாலும் அறியும் பாடங்களில், யந்திரத்துக்கு இடம் வேண்டாம். ஈர மண்ணைக் கையில் உருட்டி அதன் தன்மை கூறவும், பூச்சியைப் பிடித்து இனம் காணவும், தன் பாத்தியில் விதைத்து அறுக்கவும் மாணாக்கர் முதலில் பழகட்டும். நல்ல தானியத்தைப் பார்த்தறியாதவர் பதரைப் பிரிக்க முடியாது.

இரண்டாம் ஆண்டு முதல் யந்திரத்தைத் தாராளமாக அனுமதிக்கலாம். ஆனால் அனுமதித்ததைப் பகிரங்கமாகச் செய்யவேண்டும். மாணாக்கர் தாம் கேட்ட கேள்வி, யந்திரம் தந்த விடை, அவ்விடையில் தாம் கண்ட பிழை, அதனைத் திருத்த ஆதாரமாகக் கொண்ட நூல் அல்லது வயல் பரிசோதனை ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுக்கட்டும். மதிப்பெண், விடையின் அழகுக்கு அன்று. பிழை கண்டு திருத்தியதற்கே. விடை முழுவதும் சரியாக இருந்தால், சரியென்று எவ்வாறு நிச்சயித்தார் என்பதற்கு மதிப்பெண் தரலாம்.

பரீட்சையில் ஒரு பங்கு வயல் வரப்பில் வாய்மொழியாக நடக்கவேண்டும். ஆசிரியர் ஒரு பயிரைக் காட்டி, இதற்கு என்ன குறை, எப்படி அறிந்தாய், ஏக்கருக்கு என்ன இடச் சொல்வாய் என்று கேட்கட்டும். பிள்ளைகள் அதிகம், ஆசிரியர் குறைவு, இதற்கு நேரமில்லை என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால், யந்திரம் எழுதியதோ என்று சந்தேகிக்கப்படும் வீட்டுக் கட்டுரைகளைத் திருத்துவதில் ஆசிரியர் செலவிடும் நேரம் இன்று பெரும்பாலும் விரயமே. அந்த நேரத்தை வரப்புக்கு மாற்றுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

யந்திரத்தில் விலை கொடுத்துப் பெறுவதும் உண்டு, இலவசமானதும் உண்டு. பெரும்பாலும் விலையுள்ளதே திறமையுள்ளதாக இருக்கிறது. செல்வர் பிள்ளைக்கு ஒரு கருவி, ஏழைப் பிள்ளைக்கு மற்றொன்று என்று ஆகாதபடி, பாடத்துக்கு வேண்டிய சாதனத்தைக் கல்லூரியே எல்லாருக்கும் சமமாக அளிக்கவேண்டும். ஆசிரியர்களுக்கும் முன்னதாகப் பயிற்சி தரவேண்டும். குடியானவரின் பெயர், சர்வே எண், வங்கிக் கணக்கு, ஆதார் எண் முதலியவற்றை யந்திரத்தில் எழுதலாகாது என்பதையும் முதல் பாடத்திலேயே போதிக்கவேண்டும். ஒருவருடைய சொந்த விவரங்களைக் காக்கும் பொருட்டு 2023-இல் மத்திய சர்க்கார் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது.

யந்திரம் நாளுக்கு நாள் திருந்தி வருகிறதே, இன்றைய பிழை நாளை இராதே என்று சிலர் கூறுவர். திருந்தட்டும். ஆயினும் பிழை குறையக் குறைய, அதனைக் கண்டுபிடிக்கும் ஜாக்கிரதையும் குறைந்துபோவது மனித சுபாவம். நூறு விடையில் ஒன்றே தவறானாலும், அந்த ஒன்று எவருடைய வயலில் விழுகிறதோ அவருக்கு அது முழு நஷ்டமே. இன்னும் சிலர், கணக்குப்பொறி வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள் என்பர். கணக்குப்பொறி எத்தனை தடவை கேட்டாலும் ஒரே விடை தரும். இதுவோ ஒரே கேள்விக்கு இரு வேளையில் இரு விடை தரக்கூடியது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது.

நம் கல்லூரியின் பூர்வ சரித்திரம்

நம் விவசாயக் கல்வி 1868-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் தொடங்கி, 1906-இல் கோயமுத்தூருக்கு மாறி, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1912-இல் அதே கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும், கரும்பு ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டன. தடித்த கரும்பையும் காட்டு நாணலினத்தையும் ஒட்டுச் சேர்த்து, பார்பரும் வேங்கடராமனும் உண்டாக்கிய கோ. 205 என்னும் கரும்பு 1918-இல் சாகுபடிக்கு வந்து, வட இந்தியாவின் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. அவ்விடை அதற்கு முன் எந்த நூலிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்பட்டதையே தொகுத்துத் தரும் யந்திரம் அன்று இருந்திருந்தால், பழைய கரும்புகளின் குணங்களை அழகாக எழுதித் தந்திருக்கும். புதிய கரும்பு பாத்தியில்தான் முளைத்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற பழமொழி, ஏடு எழுதுகிறவர் மனிதரானாலும் யந்திரமானாலும் பொருந்தும்.

நாம் செய்யக்கூடியது

இவ்விஷயத்தில் நிலச்சுவான்தார்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. வேளாண்மைக் கல்லூரி மாணாக்கர் கடைசி ஆண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தின்கீழ் கிராமங்களில் தங்கி வேலை கற்கிறார்கள். பல ஊர்களில் அவர்களை உபசரித்து, ஒரு செயல்விளக்கம் பார்த்து, புகைப்படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். இனி அவ்வாறு விடாமல், அவர்கள் ஒரு யோசனை கூறும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எந்த நூலில் அல்லது எந்த ஆராய்ச்சி நிலையத்தின் சிபாரிசில் உள்ளது? எந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் சொல்லப்பட்டது? என் வயலில் நீங்கள் என்ன பார்த்து இதனைச் சொல்கிறீர்கள்? இந்த மூன்றுக்கும் விடை கூறும் பிள்ளை, யந்திரத்தின் உதவியோடு வந்தாலும் அவர் சொல்லைக் கேட்கலாம். கூறாத பிள்ளையை மீண்டும் வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவே நீங்கள் அவருக்குச் செய்யும் பேருபகாரம்.

கிராம அதிகாரிகள், தங்கள் ஊர் மண் வகை, பாசன வசதி, வடிகால் நிலை, வழங்கிவரும் அளவைகள் ஆகியவற்றை மாணாக்கருக்குத் தெளிவாக எடுத்துச் சொல்லலாம். குடியானவர்கள் தங்கள் சாகுபடிக் குறிப்பையும் மகசூலையும் எழுதிவைத்து மாணாக்கருக்கு அளிக்கலாம். இன்று வாய்மொழியாக இருக்கும் அனுபவம் எழுத்தில் ஏறினால், கல்லூரிக்கும் பயன். நாளைய யந்திரத்துக்கும் நம் வயலின் உண்மை சிறிது தெரியவரும்.

யந்திரம் யோசனை எழுதும்; சிபாரிசுச் சீட்டில் கையொப்பம் இடுபவர் உத்தியோகஸ்தர்; கடன் வாங்கி அதனை நிறைவேற்றுபவர் குடியானவர். கையொப்பம் இடுபவருக்குத் தாம் எழுதியதன் பொறுப்பை உணர்த்துவதே கல்லூரியின் முதற் கடமை. அக்கடமையை நிறைவேற்றும் பாடத்திட்டத்தில் யந்திரம் தாராளமாக இருக்கட்டும். அதனை வலியுறுத்தும் உரிமை நம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் நமக்கும், அங்கிருந்து வரும் உத்தியோகஸ்தரின் சொல்லை நம்பி ஏர் பூட்டும் நமக்கும் உண்டு என்பதை மறவாதிருப்போமாக.